பெரிய எழுத்து மட்டும் போதாது

செயலிகளையும் இணையதளங்களையும் வடிவமைப்பவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 68. கண்புரை அறுவை முடிந்து, பரிசோதனைப் பலகையின் கடைசி வரி வரை வாசிக்கிறேன். இருந்தும் போன வாரம் ஒரு பயணச்சீட்டை ரத்து செய்யப் போய், பொத்தானைத் தேடியே நேரம் முடிந்து, செயலி என்னை வெளியே தள்ளிவிட்டது. ஒரே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்பது பொத்தான்கள், ‘ரத்து’ ஏழாவது. மேலே ஒரு விளம்பரம் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. பேத்தி எட்டிப் பார்த்த வேகத்தில், “இதோ இருக்கே தாத்தா” என்றாள்.

கோளாறு கண்ணில் இல்லை, தேடலில். உளவியலாளர்கள் ஆன் டிரீஸ்மனும் காரி கெலாடும் 1980-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதற்கு அடிப்படை. பச்சை வட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு வட்டம் இருந்தால், சுற்றி ஐந்து இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் அது தானே கண்ணில் படும். சிவப்புச் சதுரங்களும் பச்சை வட்டங்களும் கலந்து கிடக்கும்போது சிவப்பு வட்டத்தைத் தேடினால், கூட்டம் கூடக் கூட நேரமும் கூடும். முதல் வகையில் முதியவர்கள் பெரிதாகப் பின்தங்குவதில்லை. இரண்டாவதில்தான் இடிக்கிறது: கூடுகிற ஒவ்வொரு பொருளுக்கும் எங்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. ஒரே பார்வையில் பிடிபடும் பரப்பும் வயதோடு சுருங்குகிறது.

வேண்டாததை ஒதுக்கும் திறனும் தளர்கிறது என்று உளவியலாளர்கள் லின் ஹாஷரும் ரோஸ் ஸாக்ஸும் 1988-இல் வாதிட்டார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. அந்த விளம்பரத்தைப் பேத்தி கவனிக்கவே இல்லை. அது என்ன விற்றது என்று நான் இப்போதும் சொல்வேன்!

“எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறதே” என்பீர்கள். சரி, பெரிதாக்கினேன். ‘ரத்து’ திரையைவிட்டே கீழே இறங்கிப் போய்விட்டது.

எங்களிடம் அவ்வளவாகத் தேயாத ஒன்றும் உண்டு. எதைத் தேடுகிறோம், அது எங்கே இருக்கும் என்று முன்பே தெரிந்தால், அதைப் பிடித்துக்கொண்டு தேடலைச் சுருக்கிவிடுவோம். நீங்களோ புதுப்பிப்பு என்ற பெயரில் அதே பொத்தானை இடம் மாற்றுகிறீர்கள். எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான்.

முக்கியமான பொத்தானுக்குத் தனி நிறம் கொடுங்கள். அதை அதன் இடத்திலேயே விடுங்கள். பக்கத்தில் எதுவும் ஆட வேண்டாம். நேரக்கெடு முடியுமுன் “இன்னும் நேரம் வேண்டுமா?” என்று கேளுங்கள். அப்புறம், வெளியிடுவதற்கு முன்னால் எழுபது வயதுக்காரர் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். அவர் தேடும்போது விரல் நீட்டிக் காட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அந்தச் சீட்டை இன்னும் ரத்து செய்யாத ஒருவன்