மர்ம நாவல் எழுதுவோருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

எதிர்காலத்து இருண்ட உலகங்களைத் தமிழில் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். 2080ஆம் ஆண்டு, பெயரில்லாத ஒரு துறைமுக நகரம், ஒன்றையொன்று அழிக்கத் துடிக்கும் இரண்டு இரகசியக் குழுக்கள், முகமூடி போட்ட ஒரு கொலையாளி. இந்தக் கதைகளை விடிய விடிய வாசிக்கிற ஆள் நான். அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன்.

உங்கள் கொலையாளிக்கு இளமைக்காலம் இருக்கிறது, குரு இருக்கிறார், அவர் கத்தி பிடிக்கும் அழகுக்கே பல பக்கங்கள் போகின்றன. செத்தவனுக்கு ஒரு வரி. சாட்சி, வழக்கு என்று எதுவும் கிடையாது.

எங்கள் ஊரில் நடந்ததைப் பாருங்கள். 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்ததாகச் சொல்லப்பட்டது. உடல்களில் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படமெடுத்துக் காட்டியவர் 'சுடர் ஒளி' செய்தியாளர் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பாதுகாப்புத் தரப்பினரும் 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகளில் சிலர் அதற்குள் நாட்டைவிட்டே போயிருந்தார்கள்.

முகமூடியும் எங்களிடம் இருந்தது. போர்க்காலத்தில் இராணுவச் சுற்றிவளைப்பில் சனத்தை வரிசையாக நடக்கவிடுவார்கள். சாக்கால் தலையை மூடிய ஒருவர் முன்னால் இருப்பார், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவர் தலையை ஆட்டினால் நீங்கள் ஒரு பக்கம், ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. தலையாட்டி என்போம். அடித்து ஆட்டவைத்தார்களா, பழைய வேலிச் சண்டையா, யார் கண்டது? சாக்குக்குள் இருந்தது நேற்றுத் தேத்தண்ணி குடிக்க வந்தவராகவும் இருக்கலாம். ஒரு நாவலுக்கு இவர் ஒருவரே போதும். கூரைக்குக் கூரை தாவத் தேவையில்லை.

களம் வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சீனக்குடாவுக்கு வாருங்கள். பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 99 தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டாக. (பத்திரிகையில் வாசித்தபோது உங்கள் இரண்டு குழுக்களும்தான் ஞாபகத்துக்கு வந்தன.)

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த நாவலில் கொலையாளியின் பக்கங்களில் பாதியைச் சாட்சிக்குக் கொடுங்கள். அவர் ஏன் வாய் திறந்தார், திறந்த பிறகு எந்த வீட்டில் படுத்தார், நீதிமன்றத்துக்கு எந்த பஸ்ஸில் போனார், எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்படி எழுதினால் விற்காது என்று பதிப்பாளர் சொன்னால், சரி, திருகோணமலையில் ஒரு பிரதிக்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
திருகோணமலை வாசகர் ஒருவர்