கதிரும் இரத்தமும் இலையும் எடுத்துச் சென்ற ஆய்வாளர்களுக்கு

மரபணு ஆய்வில் ஈடுபட்டிருக்கும் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் சேர்ந்த ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், அவர்களுடைய மாணவர்களுக்கும்,

வணக்கம்.

பாலக்கோடு வட்டத்தில், மாரண்டஅள்ளிக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் ராகியும் தக்காளியும் பயிரிடும் குடும்பத்துக்கு மருமகளாக வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தேன். அதற்குமேல் படிக்க வாய்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பாடத்தின் மீது இருந்த ஆசை போகவில்லை. கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறேன். அதனால் நீங்கள் செய்யும் வேலையின் அருமை எனக்கு ஓரளவு தெரியும்.

சென்ற மூன்று ஆண்டுகளில் உங்கள் துறையினர் எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்தார்கள். ஒருமுறை ராகிக் கதிர் கேட்டார்கள். ஒருமுறை பசுவின் இரத்தம். ஒருமுறை தக்காளி இலை. மூன்றையும் மனமுவந்து கொடுத்தோம். மூன்றுக்கும் இன்றுவரை ஒரு வரி பதில் வரவில்லை. அந்தப் பதிலைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கதிர் கேட்டு வந்தவர்கள் இரண்டு இளம் மாணவர்கள். மார்கழி முதல் வாரம், அறுப்புக்கு முந்தைய நாள். என் மாமியார் அவர்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று தானே கதிரைக் கொய்து கொடுத்தார். காகித உறையில் போட்டு, மேலே ஒரு எண் எழுதி, கைபேசியில் இடத்தின் அளவுகளைக் குறித்துக்கொண்டார்கள். படிவத்தில் மணியின் நிறம், கதிரின் வடிவம், விரல்கள் எத்தனை, செடியின் உயரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இந்த விதையை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

கேட்டிருந்தால் மாமியார் சொல்லியிருப்பார். எங்களிடம் இரண்டு விதை உண்டு. ஒன்றின் கதிர் கைவிரல்களை மடக்கி மூடியதுபோல் இருக்கும். மற்றொன்று விரல்களை விரித்தாற்போல் இருக்கும். கார்த்திகையில் அடைமழை பிடித்தால் மூடிய கதிருக்குள் நீர் தங்கி மணி கறுத்துவிடும். சில சமயம் செடியிலேயே முளை விட்டுவிடும். விரிந்த கதிர் அரை நாள் வெயிலில் உலர்ந்துவிடும். ஆகவே மேட்டுக் காட்டுக்கு மூடிய கதிர், ஏரிக்குக் கீழே இருக்கும் துண்டுக்கு விரிந்த கதிர். மணி இயல்பிலேயே கறுப்பாக இருக்கும் கதிர்களைக் குலைநோய் என்ற பூஞ்சாண நோய் அதிகம் தொடுவதில்லை என்றும் அவர் நம்புகிறார். விதைக்கென்று கதிர் பொறுக்கும்போது அதைப் பார்த்துத்தான் பொறுக்குகிறார். அந்த நம்பிக்கை சரியா, தவறா என்று சொல்லும் கருவி உங்கள் கையில் இருக்கிறது. உலகத்தில் வேறு யாரிடமும் நாங்கள் அதைக் கேட்க முடியாது.

நெல்லின் மரபணுத்தொகுதியை, அதாவது அதன் உயிரணுவில் உள்ள மரபணு எழுத்துகள் அனைத்தையும், முழுமையாகப் படித்து முடித்தது 2005-இல். ராகிக்கு முதல் வரைவு வந்தது 2017-இல்தான். அதுவும் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் எம்எல்-365 என்ற ரகத்தை வைத்து. ஏழைகளின் தானியம் என்பதால் பின்தங்கியது என்பது பாதி உண்மை. மீதி, ராகியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. அதன் 36 குரோமோசோம்களும் இரண்டு வெவ்வேறு மூதாதைப் புற்களிலிருந்து வந்து சேர்ந்தவை. ஒன்று இன்றும் வயல்வரப்பில் களையாக முளைக்கும் புல்லினம். மற்றொன்று எது என்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு புத்தகங்களைக் கிழித்துக் கலந்துவிட்டு, எந்தத் தாள் எதனுடையது என்று பிரித்து அடுக்குவது போன்ற வேலை இது. அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்பதை எண்ணி நான் மகிழ்கிறேன்.

ராகி எங்களுக்கே உரியது என்று நான் வாதாட வரவில்லை. அது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பிறந்து, கடல் கடந்து வந்த தானியம் என்று படித்திருக்கிறேன். கர்நாடகத்தின் மண்டியாவில் லட்சுமணையா என்ற பயிர் வல்லுநர் ஆப்பிரிக்க ராகியையும் நம் ராகியையும் இனம் கலந்து ‘இண்டாஃப்’ ரகங்களை உருவாக்கியதும் அந்த உறவைப் புதுப்பித்ததுதான். எங்களுக்குப் பக்கத்திலேயே பையூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ராகியையும் சாமையையும் கொள்ளையும் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டத்திலும் விதைத்துப் பார்த்திருக்கிறோம். காட்டிலிருந்து போன விதை ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைந்து மீண்டும் காட்டுக்கே திரும்பி வந்த காலம் ஒன்று உண்டு. இப்போது போவது மட்டும் நடக்கிறது.

அடுத்தது பசு. என் மாமனாரிடம் ஒரு பசு இருக்கிறது. சாம்பல் கறுத்த நிறம், நெற்றியில் வெள்ளை, பின்னோக்கி வளைந்த கொம்பு. அது ஆலம்பாடி என்று அவர் உறுதியாகச் சொல்வார். பென்னாகரம் பக்கத்து மலைக்காடுகளிலும் காவிரிக் கரையிலும் பட்டி போட்டு வளர்த்த இனம் அது. இன்று அருகிவிட்டது. அதற்கெனக் காரிமங்கலம் பகுதியில் ஓர் ஆராய்ச்சி மையமே வந்திருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் அல்லிகார் மாடுகளும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எது எதனோடு கலந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது.

வந்தவர்கள் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்களில் இரத்தம் எடுத்தார்கள். மாமனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதன் தாடையைத் தடவியபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது முழு ஆலம்பாடிதானா, கலப்பா? அதை மட்டும் சொல்வீர்களா?” சொல்கிறோம் என்றார்கள்.

இது சொல்ல முடியாத கேள்வி இல்லை. நம் நாட்டு மாடுகளுக்கென்றே ஐதராபாத்தில் உருவாக்கிய ‘இண்டிகௌ’ என்ற மரபணுச் சோதனைச் சில்லு 2021-இல் வெளியானது. 11,496 மரபணு அடையாளங்களை ஒரே சோதனையில் படித்துவிடும். அதற்கு முன் பெரும்பாலும் வெளிநாட்டு இனங்களை வைத்துச் செய்த சில்லுகளில்தான் நம் திமிலுள்ள மாடுகளைச் சோதித்தார்கள். ஐரோப்பிய இனமான ஹெர்ஃபோர்டு பசுவின் மரபணுத்தொகுதி 2009-இல் வந்தது. நம் மாடுகளுக்கு இந்தச் சில்லு கிடைத்தது அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான்.

பதில் வரவில்லை. ஆறு மாதம் கழித்துப் பசு பருவத்துக்கு வந்தது. முழு ஆலம்பாடி என்று தெரிந்திருந்தால், எவ்வளவு தூரமானாலும் அதே இனத்துக் காளையைத் தேடிப் போயிருப்பார் மாமனார். தெரியாததால் வீட்டில் பேச்சு வளர்ந்தது. பால் வருமானம் வேண்டும் என்றோம் நாங்கள். கடைசியில் ஜெர்சிக் கலப்பினச் சினை ஊசி போடப்பட்டது. ஊசி போட்ட அன்று அவர் வீட்டில் இருக்கவில்லை. அருகிப்போன ஓர் இனத்தில் ஒரு கன்று குறைந்ததென்றால், அதில் உங்கள் மௌனத்துக்கும் பங்கு இருக்கிறது.

மூன்றாவது, தக்காளி. மூன்றிலும் எங்களை அதிகம் வருத்தியது இதுதான்.

ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் தக்காளி விலை எப்படி ஏறி இறங்கும் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். அதோடு நோயும் சேர்ந்தால் குடும்பம் தாங்காது. போன மாசியில், வைரஸ் தாங்கும் ரகம் என்று சொன்ன குழித்தட்டு நாற்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி ஓர் ஏக்கரில் நட்டோம். ஐந்தாவது வாரத்தில் பல செடிகளின் நுனி இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டன. ஓரம் மஞ்சளித்தது. கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாகவே நின்றுவிட்டது. செடியைத் தட்டினால் சாம்பல் பறப்பதுபோல் வெள்ளை ஈ எழும்பியது. அதே காட்டின் கீழ்க்கோடியில் வேறு மாதிரி. இளந்தளிர் வெண்கல நிறமாகி, கரும்புள்ளி விழுந்து, நுனி கருகியது. காய்த்த சில காய்களில் வளையம் வளையமாகத் தடம்.

என் கணவர் வெள்ளை ஈக்கு மூன்று முறை மருந்தடித்தார். மேலே இருந்தது இலைச்சுருள் வைரஸ் என்றால் அதற்குக் காரணம் வெள்ளை ஈ. கீழே இருந்தது மொட்டுக்கருகல் வைரஸ் என்றால் அதைச் சுமந்து வந்தது இலைப்பேன். பூச்சி வேறு, மருந்து வேறு. ஒன்றைத் தாங்கும் ரகம் மற்றதைத் தாங்காது. எது எது என்று தெரியாமல் அடித்த மருந்தின் பணம் மண்ணில் போனது.

அப்போதுதான் ஓர் ஆய்வுக் குழு வந்தது. இரு இடத்திலும் நுனி இலைகளை நறுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பத்து நாளில் சொல்கிறோம் என்றார்கள். நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு தொலைபேசியில் கேட்டபோது, அந்த மாணவர் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். ஆவணியில் அதே ரகத்தையே மறுபடி நட்டோம். மறுபடியும் சுருண்டது.

இலைச்சுருள் வைரஸின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 2,700 எழுத்து கொண்ட ஒரு வளையம். பள்ளிப் பிள்ளையின் கட்டுரை நோட்டில் இரண்டு மூன்று பக்கத்தில் எழுதிவிடலாம். தக்காளியினுடையது 90 கோடி எழுத்து. 14 நாடுகள் பங்கிட்டுப் படித்து 2012-இல் வெளியிட்டார்கள். ஐந்தாவது குரோமோசோம் இந்தியாவின் பங்கு. அந்த 90 கோடியை இந்த 2,700 சாய்த்துவிடுகிறது. சில வகைகளுக்கு இரண்டாவதாக ஒரு வளையமும் உண்டு. ஒரே செடிக்குள் இரண்டு வகை புகுந்தால் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிய வகை பிறந்துவிடும். அதை எதிர்க்க நீங்கள் தென்னமெரிக்காவின் காட்டுத் தக்காளிகளிலிருந்து டிஒய்-1, டிஒய்-2, டிஒய்-3 என்ற மரபணுக்களைக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். ஹெசரகட்டா தோட்டக்கலை நிறுவனத்தின் ‘அர்க்கா ரக்ஷக்’ போன்ற ரகங்கள் அப்படி வந்த நன்மைகள். ஆனால் டிஒய்-2 எல்லா வகை வைரஸையும் தாங்காது. ஆகவே எங்கள் காட்டில் இருப்பது எந்த வகை என்று தெரிவதுதான் அடுத்த நடவுக்கான ரகத்தையே தீர்மானிக்கிறது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, பதிவுபெற்ற ரகம் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. என்ன வைரஸ் என்ற சான்று கையில் இல்லாமல் நான் யாரிடம் போய் என்ன கேட்பது?

உங்கள் அறிவு எங்களிடம் வந்து சேரவே சேராது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். 2022-இல் தோல் கழலை நோய் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பெருவாரியாக மாடுகளைக் கொன்றது. எங்களுக்கு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டது போல் இருந்தது. அந்த வைரஸ் ஆட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவு. மரபணுவைப் படித்தவர்களும் அதை உறுதி செய்திருக்கிறார்கள். அந்த உறவால்தான் ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாடுகளுக்குப் போட முடிந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் நோயுற்ற மாடுகளின் மாதிரிகளைப் படித்து, இருவேறு வகை வைரஸ்கள் பரவியதை 2024-இல் வெளியிட்டார்கள். இரத்தமும் இலையும் கொடுப்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லாததற்கு இதுவே காரணம்.

மரபணு வரிசைகளால் ஆதாயம் பெறும் நிறுவனங்கள் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று கொலம்பியாவின் காலி நகரில் 2024-இல் உலக நாடுகள் கூடிப் பேசி ஒரு நிதியம் தொடங்கியிருக்கின்றன. அது வரும்போது வரட்டும். நான் கேட்பது ஒரு தாள். தமிழில் ஒரு பக்கம். என்ன தேடினீர்கள், என்ன கிடைத்தது, அடுத்த விதைப்புக்கு முன் நாங்கள் செய்யக்கூடியது என்ன. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அதுவும் எங்களுக்குப் பதில்தான். உங்கள் வரிசைகள் யாரும் திறந்து பார்க்கும் தரவுத்தளங்களில் ஏறிவிடுகின்றன. டோக்கியோவில் இருப்பவர் எங்கள் காட்டு வைரஸைப் படிக்கலாம். படித்தாலும் எங்களுக்குப் புரியாத வடிவில் அது கிடக்கிறது.

அந்தத் தாளின் ஒரு பிரதியை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்கள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும். ஊரின் உயிர்வளங்களை எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். மாணவர் படிப்பை முடித்துப் போனாலும் பதிவேடு ஊரில் இருக்கும். நோய் இலை என்றால் தாள் வரும்வரை காத்திருக்க முடியாது. சோதனை முடிந்த அன்றே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இன்ன வைரஸ் என்ற இரண்டு சொல் போதும். அன்று மாலையே மருந்தை மாற்றிவிடுவோம். உங்கள் படிவத்தில் ‘ஏன் வைத்திருக்கிறீர்கள்?’ என்ற ஒரு கட்டத்தையும் சேர்த்துவிடுங்கள். அந்தக் கட்டம் இல்லாமல் மழைக்கு அழுகாத மரபணு எது என்று கோடிக்கணக்கான எழுத்துகளுக்குள் எங்கே போய்த் தேடுவீர்கள்?

இந்த ஆண்டும் மார்கழியில் அறுப்பு. இரண்டு விதையும் காட்டில் நிற்கின்றன. இயல்பிலேயே கறுப்பு மணியுள்ள கதிர்களுக்கு மாமியார் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார். அன்று அந்த மாணவர்கள் உறையின்மேல் எழுதிய எண்ணை அவர் மறக்காமல் என்னிடம் சொல்லி, விளக்கு மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் எழுதச் செய்தார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறோம். யாராவது வந்தால் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்து உழவர் குடும்பத்துப் பெண்