போன் கேமரா கம்பெனிகளுக்கும் ஸ்கின் டோன் ஆப் செய்யறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தோல் கலரை கரெக்டா அளந்து சொல்றோம்னு ஆப் போடுறீங்க. பவுண்டேஷன் ஷேடு பாக்கன்னா பரவால்ல, தப்பாச்சுன்னா ஒரு பாட்டில் வீண், அவ்ளோதான். ஆனா பொறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கான்னு பாக்கவும் இதே கேமராவைத்தான் நம்பப் போறோம், அதுக்குத்தான் இந்த மடல்.

போன் கேமரா படம் அழகா வரணும்னு செஞ்சது, அளக்கறதுக்குன்னு செஞ்சதில்ல. லைட்டோட கலரை கேமராவே சரிக்கட்டற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இருக்கே, பிரேம் முழுக்க மஞ்சளா தெரிஞ்சா ரூம் லைட்டுதான் மஞ்சள்னு அதுவா முடிவு பண்ணி குறைச்சிடும், அதாவது எதைக் கண்டுபிடிக்கணுமோ அதையே அழிச்சிட்டு படம் குடுக்கும். படம் எவ்ளோ வெளிச்சமா வரணும்னு முடிவு பண்ற எக்ஸ்போஷரும் அப்படித்தான், கறுப்புத் தோலை கிட்டக்க எடுத்தா வெளுப்பாக்கிடுது. போதாததுக்கு சில போன்ல பியூட்டி பில்டர் கேக்காமலே ஆன்ல இருக்கு.

கலரை அளக்கறதுக்குன்னே இருக்கற ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்ங்கற கருவி வெளிச்சத்துக்கு யாரையும் நம்பாது, தோல் மேலயே வச்சு தன்னோட லைட்டை அடிச்சுத்தான் அளக்கும். போன்ல டியூப்லைட், பச்சை பெயிண்ட் அடிச்ச சுவர், அம்மாவோட சிவப்பு சேலை எல்லாமே குழந்தை மேல கலர் அடிக்குது.

வழி இல்லாம இல்ல. 2014லயே வாஷிங்டன் யுனிவர்சிட்டிக்காரங்க பிலிகேம்னு ஒரு காமாலை ஆப் காட்டினாங்க. குழந்தை நெஞ்சுல ஒரு கலர் கார்டு வச்சு சேத்து படம் எடுக்கணும், கார்டோட நிஜ கலர் முன்னாடியே தெரியும்ங்கறதால லைட் எவ்ளோ மாத்திருக்குன்னு கணக்கு போட்டு சரி பண்ணிடலாம், அச்சடிச்ச ஒரு அட்டை, அவ்ளோதான் செலவு. லண்டன் யுசிஎல் யுனிவர்சிட்டி ஆளுங்க கானாவுல தோலையே விட்டுட்டு கண்ணோட வெள்ளைப் பகுதியைப் படம் எடுத்தாங்க, அங்க தோலுக்கு நிறம் குடுக்கற மெலனின் குறுக்க வராது. எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை இது.

கேமரா கம்பெனிகளே, அளக்கறதுக்குன்னு ஒரு மோடு குடுங்க, அதுல ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் ரெண்டும் லாக் ஆகணும், பில்டர் எதுவும் இருக்கக்கூடாது, கேமரா மெருகேத்தாம அப்படியே குடுக்கற ரா பைல், விலை கம்மியான போன்லயும் கிடைக்கணும், ஏன்னா கிராமத்து நர்ஸ் கையில இருக்கப்போறது அந்த போன்தான்.

ஆப் செய்யறவங்களே, கார்டு இல்லாம, லைட் சரியில்லாம எடுத்த படத்துக்கு நம்பரே காட்டாதீங்க, "திரும்ப எடுங்க"ன்னு சொல்லுங்க. எந்தெந்த நிறத் தோல்ல டெஸ்ட் பண்ணீங்கன்னு வெளிப்படையா போடுங்க, தோல் நிறத்தை வகை பிரிக்க 2022ல வந்த மாங்க் ஸ்கேல்ல 10 ஷேடு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் எவ்ளோ தப்பு வருதுன்னு தனித்தனியா சொல்லுங்க. சராசரி மட்டும் போட்டா எங்க கலர் அதுல மறைஞ்சிடுது. 2020ல, விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் பாக்கற பல்ஸ் ஆக்சிமீட்டர்ல இதேதான் வெளிய வந்துச்சு, கறுப்பின நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொறஞ்சதை அது கோட்டைவிட்டது வெள்ளையர்களை விட கிட்டத்தட்ட 3 மடங்கு அதிகம், அந்த மெஷின் அதுக்குள்ள எத்தனையோ வருஷமா எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஓடிட்டிருந்துச்சு. உங்க ஆப்பை ஸ்டோர்ல போடறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துடுங்க.