காண்டர்பரியில் வாங்கியது

அன்புள்ள மகளுக்கு,

நேற்று உன் அண்ணன் வேலைக்குப் புறப்பட்ட கையோடு நானும் அப்பாவும் லண்டன் செயின்ட் பாங்கிரஸ் நிலையத்தில் ரயிலேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காண்டர்பரி போய்ச் சேர்ந்தோம். இரவு நீ தொலைபேசியில், "என்னம்மா வாங்கினாய்?" என்று கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வராததால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பேராலயத்துக்குள் நான் வெகுநேரம் நின்றது வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் முன்னால் அல்ல, ஒரு படிக்கட்டின் அடியில். 1170 டிசம்பர் 29 அன்று இரண்டாம் ஹென்றி மன்னரின் வீரர்கள் நால்வர், பேராயர் தாமஸ் பெக்கட்டை இந்த ஆலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். 1173இல் அவர் புனிதராக்கப்பட்டார். மறு ஆண்டு மன்னரே வெறுங்காலோடு நடந்துவந்து, துறவிகளிடம் கசையடி பட்டுப் பிராயச்சித்தம் தேடிக்கொண்டார். 1220இல் பெக்கட்டின் உடலைப் பொன் வேய்ந்த பேழையில் வைத்து மேல்தளத்தில் நிறுவியதிலிருந்து, 1538இல் எட்டாம் ஹென்றி அதை இடித்தெறிந்த நாள் வரை, மூன்று நூற்றாண்டுகளாக யாத்திரிகர்கள் ஏறி ஏறி அந்தப் படிகள் நெடுநாள் அரைத்த அம்மியைப் போல நடுவில் குழிந்திருக்கின்றன. பேழை இருந்த இடத்தில் இப்போது வெறும் தரையும், அதன்மேல் எரியும் ஒற்றை மெழுகுவத்தியுந்தான். "கல்லே தேய்ந்துவிட்டது, என் முட்டி எம்மாத்திரம்?" என்று சொல்லிக்கொண்டே அப்பாவும் ஏறிவிட்டார்.

ஆலய வாசலுக்கு எதிரே, மேல்மாடிகள் தெருவின்மீது கவிந்து நிற்கும் குறுகலான மெர்சரி லேன் இருக்கிறது. நம் ஊர்ச் சன்னதித் தெருதான் என்று வைத்துக்கொள். பெக்கட்டின் உருவம் வார்த்த ஈய வில்லைகளையும், அவருடைய குருதி கலந்தது என்று நம்பப்பட்ட தீர்த்தத்தைச் சிறு ஈயக் குப்பிகளிலும் அந்தக் காலத்து யாத்திரிகர்கள் இந்த ஊரில் வாங்கிப் போனார்கள். வில்லையைத் தொப்பியில் குத்திக்கொண்டால் போய்வந்ததற்கு அதுவே சாட்சி. ஆகவே கடைவீதியில் திரிந்ததற்காக எனக்குக் கூச்சமே இல்லை.

1942 ஜூன் மாதக் குண்டுவீச்சில் எரிந்து போன பகுதியில் எழுந்த புதிய கடைகளுக்கும் போனோம். லண்டனில் இருக்கும் அதே கடைகள், அதே சட்டைகள்! அங்கே தனியாக நிற்கும் செயின்ட் ஜார்ஜ் கோபுரம் மட்டும் கண்ணில் பட்டது. நாடகாசிரியர் மார்லோவுக்கு 1564இல் ஞானஸ்நானம் கொடுத்த தேவாலயத்தில் எஞ்சியது அவ்வளவுதான்.

உனக்குச் சால்வை எடுக்க நினைத்து, விலையைப் பார்த்ததும் வைத்துவிட்டேன். பழைய வில்லையின் அச்சில் வார்த்த ஒன்றை ஆலயக் கடையில் வாங்கினேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. நீ தொப்பி போடுவதில்லை, கைப்பையில் குத்திக்கொள். ஊசி கூராக இருப்பதால், அண்ணன் குழந்தையின் கைக்கு எட்டாமல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா