கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து வந்து பிள்ளையைத் தத்தெடுப்பவர்களை அலைக்கழிக்கும் குடியேற்ற விதிகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்தத் தவறைச் செய்தவன் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் திருமங்கலத்தில் ஆவண எழுத்தர். கிரயம், பாகப்பிரிவினை எழுதியே பழகிய கை. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் வந்தது. அக்காவுக்கு மூன்று பெண் பிள்ளைகள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட தங்கைக்குக் குழந்தை இல்லை. கடைக்குட்டியைத் தங்கைக்குக் கொடுப்பதென்று பேசி முடித்திருந்தார்கள். 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டப்படி எல்லாம் பொருந்தியது. மடி மாற்றினார்கள், சர்க்கரை கொடுத்தார்கள், பத்திரமும் பதிவானது. நல்ல காரியம் என்று கூலியில் பாதிதான் வாங்கினேன்.

பிள்ளை இன்னும் இங்கே அம்மாச்சி வீட்டில்தான் இருக்கிறாள். வீடியோ காலில்தான் அம்மா.

நாடுகளுக்கிடையே நடக்கும் தத்துக்கு ஹேக் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. இந்தியாவில் 2003 முதலும் அமெரிக்காவில் 2008 ஏப்ரல் முதலும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தத்தெடுப்பவர்கள் முதலில் அங்கே ஐ-800ஏ படிவத்தில் தகுதி அனுமதி வாங்கி, மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் (காரா) வழியாக வந்து, குறிப்பிட்ட பிள்ளைக்கு ஐ-800 படிவத்தில் தற்காலிக ஒப்புதலும் பெற வேண்டும். தத்து ஆணை அதற்கு அப்புறம்தான். நாங்கள் தலைகீழாகச் செய்துவிட்டோம். தத்தை முடித்துவிட்டு ஐ-800 போட்டால் நிராகரிப்புதான். அந்தத் தத்து சட்டப்படி ரத்தானால் மறுபடி முதலிலிருந்து வரலாம் என்கிறது அவர்கள் விதி. நம் சட்டத்தின் 15-ஆம் பிரிவோ, முறையாக நடந்த தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. பத்திரத்தில் ஓர் ஓட்டை இருந்திருந்தால் பிள்ளை தப்பித்திருப்பாள். நான் ஓட்டையில்லாமல் எழுதித் தொலைத்தேன்.

2021 செப்டம்பரில் விதிகளைத் திருத்தி, இந்துச் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பின் பேரில் காரா தடையில்லாச் சான்று தரலாம் என்றார்கள். எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. ஆனால் அது நம் அரசு போகச் சொல்வது. விசா கொடுக்க வேண்டியது அவர்கள் அல்லவா? கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களின் கதை வேறு. அவர்கள் ஐ-800 போடவே முடியாது. சட்டப்படியான பொறுப்பில் இரண்டு வருடம் பிள்ளையோடு சேர்ந்து வாழ்ந்து காட்ட வேண்டும்.

2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையைக் கோர்ட்டுக்குப் பதில் ஆட்சியரே போடுகிறார். அலைச்சல் குறையும், நல்லதுதான். ஆனால் சொந்தத்துக்குள் கொடுத்து வாங்குகிறவர்கள் ஆட்சியர் அலுவலகப் பக்கமே போவதில்லை. எங்கள் மேஜைக்குத்தான் வருகிறார்கள்.

அதனால் பதிவுத்துறைக்கு ஒரு வேண்டுகோள். தத்துப் பத்திரம் பதிவுக்கு வரும்போது, பிள்ளை வெளிநாடு போகப்போகிறதா என்று சார்பதிவாளர் கேட்கட்டும். ஆமாம் என்றால் பதிவதற்கு முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பட்டும். மதுரை சுற்றுவட்டார ஆவண எழுத்தர்களும் இதைக் கேட்காமல் பேனாவைத் திறக்க வேண்டாம்.

என் பெயரைப் போட வேண்டாம். அந்த அம்மாச்சி வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.