கட்டை போட்டுவிட்டு ஆரம்பி

கோத்தகிரி,
கார்த்திகை 8

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மன்னவனூரில் மழை பிடித்துக்கொண்டால் இப்படித்தான் என்று மாப்பிள்ளை முன்பே சொல்லியிருக்கிறார். போகட்டும். இந்த விஷயம் காதில் விழுவதைவிடக் காகிதத்தில் இருப்பதுதான் நல்லது. கிரீஸ் கையோடு மறுபடி எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பிக்கப்புக்கும் பவர் டில்லருக்கும் நீயே சர்வீஸ் செய்யலாமா என்று கேட்டாய். தாராளமாகச் செய். ஆனால் பட்டறைக் கூலி மிச்சமாகும் என்பதற்காகச் செய்யாதே. கூலியை நினைத்து ஆரம்பிப்பவர்கள் அடுத்து ஃபில்டரில் மிச்சம் பிடிப்பார்கள், அதற்கடுத்து பிரேக் லைனரில் கைவைப்பார்கள். காரணம் வேறு. கேரட் மூட்டைகளோடு பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கும் வண்டியை, இறங்குவதற்கு முன்பு யாராவது ஒருவர் கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதை ஓட்டுகிறவரே பார்த்திருந்தால் இன்னும் நல்லது. மலையில் வண்டி நின்றுபோனால் நடந்தாவது வீடு சேரலாம். நிற்காமல் போவதுதான் ஆபத்து.

உன் தாத்தா இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். இலங்கையில் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இங்கே வந்தும் அதே வேலை. அவர் ஒரு நீளமான திருப்புளியின் முனையை பேரிங் மூடியின் மேல் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். வைத்தியர் நெஞ்சில் குழல் வைப்பதுபோல. உள்ளே எந்த பேரிங் அரைக்கிறது என்று தொழிற்சாலை இரைச்சலுக்கு நடுவிலும் சொல்லிவிடுவார். "இரும்பு முதலில் சூட்டில் சொல்லும், அடுத்தது சத்தத்தில் சொல்லும், இரண்டையும் கேட்காதவனுக்குத்தான் உடைந்து காட்டும்" என்பார். குன்னூரில் மலை ரயிலைப் பார்க்க உன்னைக் கூட்டிப் போனேனே, அங்கே நீயும் இதைக் கண்டிருக்கிறாய். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற பாதை அது. 1899 முதல் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. வண்டி நின்றதும் ஆட்கள் எண்ணெய்க் குப்பியோடு இறங்கி இன்ஜினைச் சுற்றி வந்தார்கள். "இப்போதுதானே வந்தது, அதற்குள் என்ன பார்க்கிறார்கள்?" என்று கேட்டாய். அதைத்தான் உன்னைச் செய்யச் சொல்கிறேன்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நடந்ததை உன் அம்மாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். கோத்தகிரியிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம். அரவேணு தாண்டியதிலிருந்தே அவசரத்தில் மூன்றாம் கியரில் விட்டு, பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், தரையைத் தொட்டது. இரண்டாம் கியருக்கு இழுத்து, கைப்பிரேக்கைத் தூக்கி, மலைப்பக்கத்து மண்சரிவில் வண்டியை உரசி நிறுத்தினேன். லைனர் தீய்ந்த வாடை இன்றும் மூக்கில் இருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மிதித்துப் பார்த்தால் பெடல் கெட்டியாக இருக்கிறது! பிரேக் தானே சரியாகிவிட்டது என்று நம்பி மறுபடி இறங்குகிறவர்கள் உண்டு. நான் இறங்கவில்லை, பட்டறைக்காரர் வரும்வரை காத்திருந்தேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்று போட்ட புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 தாங்கினால் போதும் என்பதுதான் அதற்கான தரம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது பழைய ஆயில் உள்ளேயே கொதித்துக் குமிழாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, குமிழை அமுக்கலாம். நாம் மிதிப்பதெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஆறினால் குமிழ் அடங்கிவிடும், பெடல் திரும்பிவிடும், குறை அப்படியே இருக்கும். என் வண்டியில் நான்கு வருடமாக அந்த ஆயிலை மாற்றவே இல்லை. குறைந்தபோதெல்லாம் வீட்டில் பாதி திறந்துகிடந்த டப்பாவிலிருந்து நானே ஊற்றினேன். தப்பு முழுக்க என்னுடையது.

ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்று. எந்த வகை என்பது வண்டியில் ஆயில் ஊற்றும் டப்பாவின் மூடி மேலேயே எழுதியிருக்கும். சிறிய, முத்திரை உடைக்காத டப்பாவாக வாங்கு. மீதியைச் சேமித்து வைக்காதே. மாற்றி ஏர் எடுக்கும், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையை மட்டும் முதல் தடவை நீ தனியாகச் செய்ய வேண்டாம். பட்டறையில் கொடு, ஆனால் பக்கத்திலேயே நின்று பார். எந்தச் சக்கரத்தில் ஆரம்பிக்கிறார், பெடலை மிதிப்பவரும் திருகைத் திறப்பவரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனி. பெண்பிள்ளை பக்கத்தில் நிற்கிறாளே என்று யாராவது நெளிந்தால், நெளியட்டும். நீ நகராதே.

இனி நீயே செய்ய வேண்டியவை. சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுத்தான் எதையும் ஆரம்பிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதே. இரும்பு ஸ்டாண்டு இரண்டு வாங்கிவிடு. சிமெண்டு ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுக்காதே, அது விரிசல்கூடக் காட்டாமல் நொறுங்கும்.

இன்ஜின் ஆயிலை வண்டி கொஞ்சம் ஓடி வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிய விடு. அழுக்கும் சேர்ந்து இறங்கும். கை பொறுக்காத சூட்டில் வேண்டாம். வடிந்த ஆயிலை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார். கறுப்பாக இருப்பது டீசல் வண்டிக்கு இயல்பு. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; மினுமினுப்பான தூள் தெரிந்தால் உள்ளே எதுவோ தேய்கிறது. இந்த இரண்டையும் பட்டறைப் பையன் உன்னிடம் வந்து சொல்லமாட்டான், அவன் அதற்குள் அடுத்த வண்டிக்குப் போயிருப்பான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு துளி ஆயில் தடவி, வளையம் போய் உட்கார்ந்த பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். வடிகால் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடு. இறுக்குவதற்காக ஸ்பேனரில் குழாயைச் சொருகாதே. நான் சொருகியிருக்கிறேன். அலுமினியத் தொட்டியில் மரை போய், இரவெல்லாம் ஆயில் சொட்டி, காலையில் வண்டி வாசலிலேயே நின்றது.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். உங்கள் பக்கத்துப் பனிமூட்டத்துக்கு அதை மாதம் ஒரு தடவையாவது திற. டீசல் குழாயில் கசிவு என்று தோன்றினால் இன்ஜின் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்காதே. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டிப் பார். பம்ப்பையும் இன்ஜெக்டரையும் நீ கழற்றவே வேண்டாம்.

டில்லருக்கு முதல் எதிரி புழுதி. உன் வண்டியில் ஏர் கிளீனர் எண்ணெய்க் கிண்ணத்தோடு இருக்கும் வகை. உழவு நாட்களில் கிண்ணத்தைக் கழற்றிப் பார், அடியில் சேறு தங்கியிருந்தால் கழுவிவிட்டுக் கோடு வரை புது ஆயில் ஊற்று. பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார், கத்தி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு இறுக்கு. மார்கழி, தை மாதத்தில் உறைபனி விழும் இரவுகளில், கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் வடித்துவிட்டுத் தூங்கு. தண்ணீர் பனிக்கட்டியானால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், வார்ப்பிரும்பு அதற்கு வழிவிடாது, வெடிக்கும். சர்வீஸோடு சேராத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்தக் கவலை உண்டு: இறக்கத்தில் டில்லரின் இடது ஸ்டியரிங் கிளட்ச்சை, அதாவது திருப்புவதற்கான பிடியைப் பிடித்தால் அது வலது பக்கம் திரும்பும். சமதளத்துக்கு நேர் எதிர். மாப்பிள்ளைக்கும் சொல்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரைச் சின்ன விஷயமாக நினைக்காதே. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நம் வண்டிகள் ஏற்றத்தில் கொதிக்காமல் ஏறுகின்றன. சூட்டில் மட்டும் அதைத் திறக்காதே.

புல் வெட்டும் இயந்திரம் கறுப்புப் புகை விடுகிறது என்றாயே, அது கீழே சமவெளியில் டியூன் செய்து வந்தது. மேலே காற்று மெலிது. அதே அளவு பெட்ரோல் இங்கே அதிகம். பிளக்கைக் கழற்றிப் பார், கரி பூசியிருக்கும். என் கொழுந்து அறுக்கும் இயந்திரமும் வந்த புதிதில் இப்படித்தான் திணறியது. கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகும். அந்த இயந்திரத்தைக் கீழே யாருக்காவது இரவல் கொடுத்தால் மறக்காமல் பழைய நிலைக்குத் திருப்பிக் கொடு. இல்லாவிட்டால் பெட்ரோல் பற்றாமல் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புத்தகத்தில் 50-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். கண்ணளவில் ஊற்றாதே, மருந்துப் புட்டியின் அளவு மூடி இருக்கிறதே, அதை வைத்துக்கொள்.

வடித்த பழைய ஆயிலை ஓடைப்பக்கம் கொண்டுபோகாதே, கண்ணு. வேலிக் கால்களுக்குக் கரையான் வராது என்று நானும் பல வருடம் பூசினேன். அந்தக் கால்களிலிருந்து மழைநீர் வழிந்து நம் கிணற்றுப் பக்கம் பளபளத்து ஓடியதைப் பார்த்த நாளோடு விட்டுவிட்டேன். டப்பாவில் மூடி வைத்து, பழைய ஆயிலை மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவரிடம் கொடு.

ஒரு நோட்டுப் போடு. தேதி, ஓடிய கிலோமீட்டர், டில்லருக்கு ஓடிய மணி, என்ன மாற்றினாய், என்ன பார்த்தாய். "இடது பின்சக்கரம் கை வைக்கச் சூடு" என்ற ஒரு வரி போதும். அடுத்த முறை இறங்கி வந்ததும் அதே சக்கரத்தைத்தான் நீ முதலில் தொட்டுப் பார்ப்பாய்.

தாத்தாவின் திருப்புளியையும் என் கிரீஸ் கன்னையும் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு நாங்கள் வரும்போது கொண்டுவருகிறோம், பிரேக்கில் ஏர் எடுப்பதை அப்போது இரண்டு பேருமாகச் செய்து பார்ப்போம். அதற்குள் பிக்கப்பின் வடிகால் போல்ட்டு 17-ஆ 19-ஆ என்று ஸ்பேனர் வைத்துப் பார்த்து எழுது. அந்த அளவில் நல்ல ரிங் ஸ்பேனர் ஒன்றும் செம்பு வாஷர் பத்தும் வாங்கிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா