நந்தவனத் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு ஒரு கணக்கு

அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். கோயில் வடக்கு வீதிக்குப் பின்னால பத்தை மண்டிக் கிடந்த காணியில நாங்க தொடங்கின நந்தவன வேலை அம்மன் அருளால முடிஞ்சுது. மதில், கேற், தண்ணி டேங்க், பைப் லைன், நிழல் வலை எல்லாம் போட்டாச்சு, வரவு செலவு பில்லுகளோட மடப்பள்ளிக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில இருக்கு, ஆறுதலா வாசிச்சுப் பாருங்க. ஆனா உள்ளுக்க பையில வளக்கிறது காட்டுமரக் கண்டுகள், "பூசைக்குப் பூமரம் வைக்காம ஏன் காட்டுமரம்?" எண்டு கனபேர் கேட்டதால அதைத்தான் இங்க விரிவா சொல்லோணும்.

முதிரை, கருங்காலி, பாலை, சவண்டலை எல்லாம் நம்ம திருகோணமலைக் காட்டு மரங்கள். மெட்ராஸ் கரையில அலைக்குள்ளால ஆக்களையும் சாமானையும் ஏத்தி இறக்கின மசூலா வள்ளம் கட்ட இங்கத்த சவண்டலைதான் கப்பலேறிப் போனது. முதிரையை 1998லயே, ஆபத்தில இருக்கிற உயிரினங்களைக் குறிக்கிற உலக சிவப்புப் பட்டியல்ல அழியக்கூடிய இனமா போட்டுட்டாங்க, நல்ல பலகை எண்டதுதான் அதுக்கு வினை. காட்டைக் காக்கிறதுதான் முதல் வேலை, அதில மாத்துக் கருத்து இல்ல, ஆனா காட்டுக்கு வெளியிலயும் ஒரு கையிருப்பு வேணும். குருடியா எண்ட நம்ம நாட்டுக்கே உரிய மரத்தை 2012ல அழிஞ்சுபோச்சு எண்டு எழுதினாங்க, 2019ல கம்பஹாவில ஒண்டு கண்டுபிடிச்சாங்க, 2021ல அதுவே றோட்டு வேலைக்குள்ள அகப்பட்டு வெட்டுப்படப் பாத்தது. ஒரு இனத்தின்ர தலையெழுத்து ஒத்தை மரத்தில தொங்கக்கூடாது. இப்பிடிக் கையிருப்பு வைக்கத் தாவரவியல் பூங்காக்கள் இருக்குத்தான், ஆனா 1821ல தொடங்கின பேராதனைப் பூங்கா மழை கூடின மலைப்பக்கம், வறண்ட வலயத்துக்கு எண்டு 2013ல ஹம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலயில ஒண்டு திறந்தாங்க, அதுவும் நமக்கு எட்டத்தூரம்.

ஒதுக்குக் காட்டுக்குள்ள அனுமதியில்லாம கால் வைக்கேலாது, அதால கோயில் காணியிலயும் வளவுகளிலயும் நிண்ட மரங்களில மட்டும்தான் விதை எடுத்தம். முதிரைக் காய் மூண்டாப் பிளந்தா செட்டை வைச்ச விதை காத்தோட போயிடும், வெடிக்கமுதல் பறிச்சு சாக்கில பரப்பி நிழல்ல காயவைக்கோணும். பாலைப்பழம் சாப்பிட்டாக்களுக்குத் தெரியும் அந்தப் பால் உதட்டில எப்பிடி ஒட்டுமெண்டு, விதையிலயும் அப்பிடித்தான், மண்ணோட தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவித்தான் போட்டம். கருங்காலியைக் காயவிடாம பழுத்த கையோட விதைச்சம். இதுகளுக்கு ஆணிவேர் கீழ ஓடும், பை கட்டையா இருந்தா அடியில முட்டி மணிக்கூட்டு ஸ்பிரிங் மாதிரி சுருண்டுபோகும், அப்பிடிச் சுருண்ட கண்டை நிலத்தில வைச்சாலும் காத்துக்கு நிண்டுபிடிக்காது. அதுக்காகத்தான் உயரப் பை வாங்கினது, பில்லில காசு கூட நிக்கிறதும் அதாலதான்.

ஒவ்வொரு பையிலயும் நம்பர்த் தகடு கட்டியிருக்கு. எந்தத் தாய்மரம், எந்த இடம், எந்த மாசம் எண்டு எல்லாம் ரெஜிஸ்டர்ல இருக்கு. ஒரே மரத்து விதையையே நிரப்பினா எல்லாம் கூடப்பிறந்ததுகள், ஒரு நோய் வந்தா எல்லாத்துக்கும் சேர்த்து வரும், அதால பல தாய்மரங்களில கொஞ்சம் கொஞ்சமா எடுத்தம். தகட்டைக் கழட்டினா அந்தக் கண்டின்ர வரலாறே போயிடும், பிள்ளையளுக்கும் சொல்லிவைங்க.

ஐப்பசி மழையோட வளவில இடமுள்ள அங்கத்தவர்களுக்குக் கண்டு குடுப்பம், காசு வேண்டாம், வளவு விலாசத்தை ரெஜிஸ்டர்ல எழுதிப்போட்டுக் கொண்டுபோங்க, பட்டுப்போனாலும் மறைக்காம வந்து சொல்லுங்க. அதுக்குள்ள கச்சான் அடிக்கிற மாசங்களில பின்னேரத் தண்ணிக்கு ஆள் வேணும், முறை எடுக்கக்கூடியவை செயலாளரிட்ட பேரைக் குடுங்க.